இலவச ஞாயிறு, நான்காம் மாடி

"பன்னெண்டு யூரோ குடுத்து என் வீட்டுச் சமையலறைய நானே போய்ப் பார்க்கணுமா? பதினோரு வருஷம் சும்மாவே பார்த்தாச்சு" என்றாள் எர்மினியா, தொலைபேசியில். "ஞாயித்துக்கிழமை பன்னெண்டரையிலேர்ந்து ரெண்டரை வரைக்கும் யார் வேணாலும் போகலாமாம், இலவசம். நீ வர்றியா, இல்ல நான் தனியாப் போகட்டுமா?"

எர்மினியா என் கணவரின் முதல் மனைவி. அவளை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். பிப்ரவரியில், லிசார்தோவை எரிக்கக் கொண்டுபோன இடத்தில், கறுப்பு மேல்கோட்டும் வெள்ளைக் காலணியுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "கடைசி மூணு வருஷமும் நீதான் தூக்கி எடுத்துப் பார்த்தியாமே, பாவம்" என்றாள். பாவம் என்றது அவரையா என்னையா என்று தெரியவில்லை. கேட்கவும் அன்றைக்குத் தெம்பில்லை.

இப்போது அக்டோபர். முடி வெட்டும் கடையில் காத்திருந்த நேரத்தில் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறாள் எர்மினியா. அத்தோச்சா ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய நவீன கலை அருங்காட்சியகத்தில், எண்பதுகளில் மத்ரித்தில் வரைந்தவர்களுக்கென்று புதிதாக ஓர் அறை திறந்திருக்கிறார்களாம். அதில் லிசார்தோவின் ஓவியமும் இருக்கிறதாம். அவர் விற்ற படங்களில் பெரிய இடத்துக்குப் போனது அந்த ஒன்றுதான். வாங்கிய புதிதில் கொஞ்ச நாள் மாட்டினார்கள், பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் கிடங்கில் கிடந்தது. அதை மறுபடி மாட்டுவார்கள் என்று அவர் காத்திருந்த காத்திருப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவர் போய் எட்டு மாதம் கழித்து மாட்டியிருக்கிறார்கள்.

"இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா அறுபத்தஞ்சு ஆயிடும், எனக்கு எல்லா நாளும் இலவசம்" என்றாள் எர்மினியா. "ஆனா அதுவரைக்கும் படம் அங்க இருக்கணும். நானும் இங்க இருக்கணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படத்தைப் பற்றிப் பத்து வருடமாகக் கேட்டிருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில், இரவுப் பணி. அந்தச் சனிக்கிழமை இரவு என் மாடியில் பதினெட்டுப் பேர், நான் ஒருத்தி. கூட இருக்க வேண்டியவள் காய்ச்சல் என்று வரவில்லை. விடிகாலை நான்கு மணிக்கு தோன் எவாரிஸ்தோ என்ற பெரியவர் கழிவறையில் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து போய், தாள்களில் எழுதி முடித்து, வயேகாஸில் என் வீட்டுக் கதவைத் திறக்கும்போது காலை ஒன்பது. பதினொன்றரைக்குக் கடிகாரம் கத்தியது. பல் தேய்க்கும்போதே கண் மூடிக்கொண்டது. வரவில்லை என்று சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். எண்ணைத் தேடுவதைவிடக் கிளம்புவது சுலபமாக இருந்தது.

வரிசை அருங்காட்சியகத்தின் வாசலில் தொடங்கி, சதுக்கத்தைக் கடந்து, மூலை திரும்பிப் போயிருந்தது. அதில் எர்மினியாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. காய்கறி வாங்கப் போகும் சக்கரப் பையோடு வந்திருந்தவள் அவள் ஒருத்திதான். கட்டம் போட்ட பச்சைத் துணிப் பை. அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சந்தைக்கா போறோம்?" என்றேன்.

"இது என் ஊன்றுகோல். ஊன்றுகோல்னு சொன்னா கிழவி ஆயிடுவேன், பைன்னு சொன்னா குடும்பப் பொம்பள" என்றாள். "மூஞ்சி என்ன இப்படி இருக்கு? தூங்கலையா?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்ப எதுக்கு வந்தே?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"கூப்பிட்டா வந்துடுறதா? அப்படித்தான் அவனும் உன்கிட்ட வந்து ஒட்டிக்கிட்டானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. லிசார்தோ உண்மையிலேயே அப்படித்தான் வந்தார். என் வீட்டில் காலியாக இருந்த அறைக்கு வாடகைக்கு வந்தவர், இரண்டாம் மாதம் குழம்பு ருசி பார்த்தார், ஐந்தாம் மாதம் அறை மறுபடி காலியானது. அதை அவளிடம் சொன்னேன். எர்மினியா தலையை ஆட்டினாள். "என்கிட்ட வந்தப்போ அவனுக்கு இருபத்தெட்டு, எனக்குப் பதினெட்டு. எங்கப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர், நான் அவருக்குக் கையாள். ஒரு மாடிப்படி முழுக்கப் பூசிக்கிட்டிருந்தேன். கீழ் வீட்லேர்ந்து வெளிய வந்து, 'என்ன அழகா பிரஷ் பிடிக்கிறே'ன்னான். அறியாத வயசு, நம்பிட்டேன்."

ஒன்று பத்துக்குத்தான் வாசலை அடைந்தோம். டிக்கெட் கொடுத்த பையன் விலை பூஜ்யம் என்று அச்சடித்த சீட்டை ஆளுக்கொன்று நீட்டினான். எர்மினியா அதை மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். பைகளைச் சோதிக்கும் இடத்தில் காவலர் சக்கரப் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை, அலுமினியத் தாளில் சுற்றிய இரண்டு நீள ரொட்டி.

"இதோட உள்ள போக முடியாதும்மா. பொருள் வைக்கிற இடத்துல விட்டுட்டுப் போங்க."

"அதை விட்டா நான் கீழ விழுந்துடுவேன். உங்க ஓவியத்து மேல விழலாமா?"

"சக்கர நாற்காலி இருக்கு. காசு இல்ல. எடுத்துட்டு வரட்டுமா?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் எர்மினியா. பையை ஒப்படைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. ராத்திரி முழுக்க என் கையில் தொங்கும் பிடி. வேலை இல்லாத நேரத்திலும் அது என்னை விடவில்லையே என்று ஒரு நொடி எரிச்சலாக வந்தது.

உள்ளே போனதும் கூட்டம் ஒரே திசையில் ஓடியது. எல்லாரும் இரண்டாம் மாடியில் உள்ள, உலகப் புகழ்பெற்ற அந்தப் பெரிய போர் ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்கள். லிஃப்டுக்கு முன்னாலும் வரிசை. எங்கள் முறை வந்து ஏறினால், அது இரண்டில் நின்றது, எல்லாரும் எங்களையும் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள், கதவு மூடிக்கொண்டது. மேலே போகும் படிக்கட்டைத் தேடி நடந்தோம். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மருத்துவமனையாக இருந்தது. நீள நீளமான தாழ்வாரம், கல்தரை, உயரமான ஜன்னல்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தாழ்வாரம்தான் வந்தது. எனக்கு வேலைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது. ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னால் யாராவது மணி அடித்துவிடுவார்களோ என்று காது தன்னால் கூர்ந்தது.

ஓர் அறையில் முழுக்கச் சிவப்பான ஒரே ஒரு பெரிய படம். ஒன்றுமே வரையவில்லை, சிவப்பு மட்டும். முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள் ஏதோ முணுமுணுத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். எர்மினியா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் அதன் மேல் விழுவதைப் பார்த்தாள்.

"மூணு பூச்சு" என்றாள். "ரெண்டாவது சரியாக் காயறதுக்குள்ள மூணாவது போட்டிருக்கான். அவசரக்காரன். ஆனா ஓரம் பாரு, ஓரத்துல கை நடுங்கவே இல்ல. லேசுப்பட்ட வேலை இல்ல இது."

அந்த அறையைத் தாண்டியதும் அவளுடைய வலது முழங்கால் மடங்கியது. நான் பிடிக்காவிட்டால் தரையில் உட்கார்ந்திருப்பாள். சுவரோடு சாய்த்து நிற்க வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போய், அடையாள அட்டையைக் கொடுத்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். இந்த முறை அவள் மறுக்காமல் உட்கார்ந்தாள். கால் வைக்கும் தட்டைக் குனிந்து நான் விரித்தபோது, "இதெல்லாம் உனக்குக் கை தானா செய்யுது" என்றாள், மெதுவாக.

"அவரையும் இப்படித்தான் தள்ளிட்டுப் போவேன். பூங்கா வரைக்கும்."

"திட்டினானா?"

"முதல் வருஷம் திட்டினார். அப்புறம் பேச்சு போயிடுச்சு."

"திட்டறதுக்குக்கூட ஆள் இருந்திருக்கு அவனுக்கு" என்றாள் எர்மினியா. நான் நாற்காலியை லிஃப்டுக்குத் தள்ளினேன்.

நான்காம் மாடியில் கூட்டம் இல்லை. கடைசி அறை. மணி ஒன்று ஐம்பது. நுழைந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நான் நினைத்ததைவிடப் பெரிய படம், என் உயரத்துக்குக் கூடுதல், அகலம் அதைவிட அதிகம். வலது ஓரத்தில் ஒரு மேஜை, அதன் மேல் பாதி உரித்த உருளைக்கிழங்குகள், ஒரு பெண்ணின் முழங்கை மட்டும். இடப்பக்கம் சின்ன ஜன்னல். மீதி எல்லாம் சுவர். வெறும் சுவர், பச்சை. அரசாங்க அலுவலகப் படிக்கட்டுகளில் ஆள் உயரத்துக்கு அடித்திருப்பார்களே, அந்தப் பச்சைதான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் சாயங்கால வெயில் அதன் மேல் ஊர்ந்துபோவது தெரிந்தது.

நாற்காலியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். இதற்காகத்தானா என்று தோன்றியது. இதை வரைந்த கைக்குத்தானா நான் மூன்று வருடம் நகம் வெட்டிவிட்டேன் என்று தோன்றியது. பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்பட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது.

"அட்டையில என்ன போட்டிருக்கு? கண்ணாடி கொண்டு வரல" என்றாள் எர்மினியா.

படித்தேன். "லிசார்தோ கிரோஸ். பிற்பகல் சமையலறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு."

"கீழ இன்னும் நிறைய இருக்கே."

"மனித உருவத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, சுவரையே ஓவியர் பேச வைக்கிறார். பல அடுக்குகளாகப் பொறுமையுடன் பூசப்பட்ட இந்தப் பச்சைதான் இப்படைப்பின் உண்மையான நாயகன்."

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"பச்சைங்கிறத மட்டும் படி."

"பல அடுக்குகளாகப் பொறுமையுடன் பூசப்பட்ட இந்தப் பச்சை."

எர்மினியா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "அந்தச் சுவர் நான் பூசினது."

"வீட்டுச் சுவரா?"

"இல்லம்மா. படத்துல இருக்கிறது. மேஜை அவன், உருளைக்கிழங்கு அவன், கை அவன் வரைஞ்சது. சுவர் நான்."

தூக்கமில்லாத தலைக்குள் அது இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் எனக்கு வந்தது கோபம். அந்தச் சுவரைப் பற்றி லிசார்தோ சொல்லாத நாளில்லை. மூன்று இரவு கண் மூடாமல் பூசியதாகச் சொல்வார். பேச்சு இருந்தவரை சொன்ன கதைகளில் அதுதான் முக்கியமான கதை. அவரைக் கழுவித் துடைத்து, மாவுக்கஞ்சி ஊட்டிய நேரமெல்லாம் நான் பிடித்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். சாதாரண ஆளுக்குச் செய்யவில்லை, அந்தச் சுவரைப் பூசினவருக்குச் செய்கிறோம் என்று.

"செத்துப்போனவர் மேல சொல்றதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா?" என்றேன். "அவர் இல்லாதப்போ வழக்குப் பேசறதுக்கு என்னை எதுக்கு இழுத்துட்டு வந்தே? நான் தூங்கியிருப்பேன் இந்நேரம். தள்ளிட்டு வர ஆள் வேணும்னுதானே கூப்பிட்டே?"

குரல் உயர்ந்துவிட்டது. மூலையில் நின்ற காவல்காரப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எர்மினியா கோபப்படவே இல்லை.

"'நீ'ன்னு சொல்லிட்டே" என்றாள். "இப்பத்தான் குடும்பம் மாதிரி இருக்கு. எதிராளி பேச்ச நம்பாதே, அதுதான் சரி. இடப்பக்கம் ஜன்னல் இருக்கில்ல? அதுக்குக் கீழ, ஒரு சாண் தள்ளி, பச்சைக்குள்ள ஒரு மயிர் ஒட்டியிருக்கும். வளைஞ்சு, வெள்ளையா. எங்க நாயோடது. சிஸ்பான்னு பேரு. ராத்திரி என் காலடியில படுத்துக்கிட்டு வால ஆட்டி ஆட்டி முடிய உதிர்க்கும். பூசினப்புறம்தான் பார்த்தேன். எடுத்தா தோல் உரிஞ்ச மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து படத்துக்கு ஐந்தாறு அடி தூரம். கண்ணாடியும் இல்லை. நான் போய்க் குனிந்தேன். ஜன்னலுக்குக் கீழே பச்சை, பச்சை, பச்சை. கண் எரிந்தது. இன்னும் குனிந்தேன்.

"தரையில கோடு இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி" என்று காவல்காரப் பெண் வந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். சட்டையில் நியேவெஸ் என்று பெயர் குத்தியிருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றாள். காலையிலிருந்து நிற்கிற கால்.

"மன்னிச்சுக்குங்க. ஒண்ணைத் தேடறோம்" என்றேன்.

"என்னத்தை?"

"நாய் மயிரை" என்றேன்.

நியேவெஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எர்மினியா அவளுக்கும் அதே நிதானத்தோடு இடத்தைச் சொன்னாள். என்ன நினைத்தாளோ, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோட்டைத் தாண்டி, முட்டி மடக்கிக் குந்தினாள்.

"இருக்கு" என்றாள். "அம்மாடி. ரெண்டு மாசமா இதே அறையில நிக்கிறேன், கண்ணுல படவே இல்ல." என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். "நீங்களும் வந்து பாருங்க. தொட்டுடாதீங்க."

குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பச்சைப் பூச்சுக்கு அடியில், ஒரு முனை மட்டும் வெளியே நீட்டி, வெள்ளையாக வளைந்து கிடந்தது.

பக்கத்தில் பெஞ்சு இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படவும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். எனக்கு எதுவும் இல்லை. எர்மினியா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை காலையில வண்டி வந்து படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகணும்" என்றாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் சுவர் வெறும் சாம்பல். என்ன பூசினாலும் அவனுக்குப் பிடிக்கல. சுரண்டிச் சுரண்டி எடுத்தான். அப்புறம் குடிச்சான், படுத்துட்டான். நான் உசேராப் பக்கம் ஒரு கட்டடத்துப் படிக்கட்டுக்குப் பச்சை அடிச்சிட்டு வந்திருந்தேன், டப்பாவுல மிச்சம் இருந்தது. அதே நிறத்துக்கு அவனோட எண்ணெய் வண்ணத்தைக் கலந்தேன். எங்க வீட்டுச் சுவர்ல சாயங்காலம் வெயில் எங்க விழும், எங்க விழாதுன்னு அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்துக்கு அவன் வெளிய போயிடுவான். எனக்குத் தெரியும், உருளைக்கிழங்கு உரிக்கிறவ நான்தானே. மூணு ராத்திரி பூசினேன். பகல்ல வேலைக்குப் போனேன்."

"எழுந்து பார்த்துட்டு என்ன சொன்னார்?"

"'காஞ்சிடுச்சா?'ன்னு கேட்டான். 'ஓரளவு'ன்னேன். முகம் சவரம் பண்ணப் போயிட்டான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாலு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. நானும் பேசல. புருஷன் பேருல போனா நம்ம பேரு மாதிரிதானேன்னு நினைச்சேன். அறியாத வயசுன்னு சொன்னேனே."

பிறகு கேட்டாள்: "உன்கிட்ட ஏதாவது சொன்னானா? கடைசியிலயாவது? எர்மினியா ஒரு நாள் உதவி பண்ணினா, அப்படி ஏதாவது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். என் வேலையில் ஒரு ராத்திரிக்கு இருபது பொய் சொல்கிறேன். உங்க மகன் கூப்பிட்டார், நாளைக்கு வர்றாராம். உங்க மனைவி பக்கத்து அறையிலதான் தூங்கறாங்க. சொன்னதும் முகம் தளரும், கண் மூடும், நான் அடுத்த அறைக்குப் போவேன். இங்கேயும் வாய் வரை வந்துவிட்டது. சொன்னார் எர்மினியா, கடைசி நாள்ல உங்க பேரைத்தான் சொன்னார் என்று. அவ்வளவு சுலபம். ஆனால் அந்தப் பொய்யையும் லிசார்தோவுக்காகத்தானே சொல்கிறேன் என்று தோன்றியது. போதும் என்று இருந்தது.

"இல்ல" என்றேன். "ஒருநாளும் சொல்லல. மூணு ராத்திரி தூங்காம நான்தான் பூசினேன்னு சொல்வார்."

எர்மினியா திரும்பி என்னைப் பார்த்தாள். "தூங்காமலா?"

"தூங்காம."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. "தூங்கினான்!" என்றாள். "மூணு ராத்திரியும் தூங்கினான்! குறட்டைச் சத்தத்துல நாய் ரெண்டு தடவை எழுந்து குரைச்சுது!" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் அந்த அமைதியான அறையில் சிரித்து மூச்சு வாங்கினோம். வாசலில் எட்டிப் பார்த்த ஒரு குடும்பம் உள்ளே வராமலே திரும்பிப் போனது.

நியேவெஸ் மூலைக்குத் திரும்பிப் போயிருக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இதை நீங்க சொல்லணும்" என்றாள். "கீழ தகவல் மேஜையில ஒரு தாள் குடுப்பாங்க, கருத்து எழுதறதுக்கு. இங்க இருக்கிறவங்க அதைப் படிப்பாங்களான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா எழுதினா, எழுதினதுன்னு இருக்கும்."

"எழுதி என்ன ஆகப்போகுது?" என்றாள் எர்மினியா. "எனக்குக் கண்ணாடியும் இல்ல."

"நான் எழுதறேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அவர் பெயரில் இருந்து கொஞ்சத்தை எடுத்து இவளுக்குக் கொடுத்தால் எனக்கும் அதில் கொஞ்சம் குறையும். நான் கவனித்துக்கொண்ட ஆளின் அளவு குறையும். ஆனாலும் மயிரைப் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

இரண்டு இருபதுக்கு ஒலிபெருக்கி எல்லாரையும் கிளம்பச் சொன்னது. கீழே தகவல் மேஜையில் இருந்த பெண் ஏற்கெனவே கணினியை மூடிவிட்டிருந்தாள். தாளைக் கொடுத்து, "சீக்கிரம்" என்றாள். சங்கிலியில் கட்டிய பேனா. ஆறு வரிதான் இடம் இருந்தது. நான்காம் மாடி, கடைசி அறை, பிற்பகல் சமையலறை என்ற ஓவியத்தின் பச்சைச் சுவரைப் பூசியவர் எர்மினியா பர்தோ, 1986, மூன்று இரவுகள், என்று எழுதினேன். சாட்சியாக ஜன்னலுக்குக் கீழே உள்ள நாய் மயிரையும் எழுதினேன். அவளுடைய முகவரியையும் கேட்டு எழுதினேன். பார்வையாளர் பெயர் என்ற இடத்தில் எர்மினியா கையெழுத்திட்டாள். அதற்குப் பக்கத்தில் நான் என் கையெழுத்தைப் போட்டு, கீழே 'ஓவியரின் விதவை' என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையை என் கைப்பட எழுதியது அதுதான் முதல் தடவை. வங்கியிலும் அலுவலகங்களிலும் அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்து, சக்கரப் பையை வாங்கிக்கொண்டு சதுக்கத்தில் ஒரு கல்மேடையில் உட்கார்ந்தோம். எர்மினியா அலுமினியத் தாளைப் பிரித்தாள். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட தடித்த அடையை ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வெங்காயம் போட்டிருந்தாள்.

"லிசார்தோவுக்கு வெங்காயம் ஆகாதே" என்றேன்.

"அதுக்குத்தான் முப்பத்திநாலு வருஷமா போடறேன்" என்றாள்.

பாதி தின்றது வரை எனக்கு நினைவிருக்கிறது. கண் திறந்தபோது வெயில் எதிர்க் கட்டடத்தின் மேல் மாடிக்கு ஏறியிருந்தது, என் தலை அவளுடைய தோளில் கிடந்தது, வாயோரம் ஈரம். மணி நாலரை. அவள் கையில் மீதி ரொட்டி, திரும்பச் சுற்றி வைத்தது. புறாக்களை விரட்டக் குடையைக் கையில் பிடித்திருந்தாள்.

"எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

"எழுப்பி என்ன பண்ண? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் மட்டும் எங்க போறது?"

இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்ததில் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. நான் முன்னால் நின்று, அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித் தூக்கினேன். பேருந்தில் ஏற்றிவிட்டு நான் மெட்ரோவுக்கு இறங்கினேன். அன்று இரவும் எனக்கு வேலை இருந்தது.

டிசம்பரில் ஒரு நாள் காலை, பணி முடிந்து வந்து படுத்த கையோடு தொலைபேசி அடித்தது. எர்மினியா.

"கடிதம் வந்திருக்கு, அருங்காட்சியகத்துலேர்ந்து. கண்ணாடி போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். நீயும் கேக்கணும்னு இன்னும் பிரிக்கல."

"பிரிங்க" என்றேன்.

உறை கிழிகிற சத்தம் கேட்டது. மதிப்பிற்குரிய அம்மையார்களே என்று தொடங்கினாள். உங்கள் தகவலுக்கு நன்றி, அது ஓவியத்தின் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது, எங்கள் ஓவியப் பராமரிப்புப் பிரிவினர் குறிப்பிட்ட இடத்தை ஆய்வு செய்தபோது நாய் மயிர் ஒன்று இருப்பது தெரியவந்தது, என்று ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தாள். தொலைபேசியைத் தலையணையில், காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். போர்வைக்குள் கால் இப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தது.

கடிதம் முடிவதற்குள் நான் குறட்டை விட ஆரம்பித்துவிட்டேனாம். அவள் நிறுத்தாமல் கடைசிக் கையெழுத்து வரை படித்துவிட்டுத்தான் வைத்தாளாம்.